தியேட்டர் வாசலில் ஒரு வெண்கல நண்டு: இராமநாதபுரம் கடற்கரை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் நகர்மன்ற, பேரூராட்சி மன்றத் தலைவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், ஆணையர்களுக்கும், பொறியாளர்களுக்கும், தியேட்டர் நடத்தும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

தியேட்டர் வாசலில், டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு நண்டு வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். மணலில் குழி பறித்துக் குடியிருக்கும் நண்டு. அதற்கு ஒரு கொடுக்கு பெரியது, மற்றது சிறியது. பெரிய கொடுக்கில் ஒரு டிக்கெட். டிக்கெட்டில் 'தரை' என்று எழுதியிருக்கும். ஊரெல்லாம் கவுன்டரைப் பார்த்து நேராக நிற்க, அது மட்டும் தன் வழக்கப்படி பக்கவாட்டில் திரும்பி வரிசையில் நிற்கும். சிலை அவ்வளவுதான். தரை டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த தலைமுறைக்கு உடனே புரியும். புரியாத குழந்தைகள் கேட்பார்கள், பெரியவர்கள் சொல்வார்கள்.

நண்டு ஏன் என்றால், இந்தக் கரைக்கு அதைவிட நெருங்கிய உயிர் இல்லை. நெய்தல் பாட்டுகளில் பெண்கள் மணலில் அலவன் (நண்டு) ஆட்டி விளையாடுகிறார்கள். இன்றும் கைக்குழந்தையின் உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை விரலை ஓட்டி 'நண்டூருது, நரியூருது' என்கிறோம்.

இப்படிப்பட்ட சின்னச் சிலைகள் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு வெளியூர்ச் சான்றுகள் உண்டு. போலந்தின் விரொட்ஸ்வாஃப் நகரில் 2001இல் ஒரு குள்ள மனிதன் சிலை வைத்தார்கள். இன்று அங்கே முழங்காலுக்கும் குறைந்த உயரத்தில் நூற்றுக்கணக்கான வெண்கலக் குள்ளர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். புடாபெஸ்டில் விகாடோ கச்சேரி அரங்குக்கு எதிரே, ஆற்றங்கரைக் கைப்பிடிக் கம்பியில் லாஸ்லோ மார்ட்டோன் செய்த சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அவள் முழங்கால் பொன்போலப் பளபளக்கிறது. பிராட்டிஸ்லாவாவில் சாக்கடை மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் தொழிலாளி 1997 முதல் இருக்கிறார். தரையோடு தரையாக இருந்ததால் வண்டி மோதித் தலை அடிபட்டது. பிறகு பக்கத்தில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று பலகை வைத்தார்கள். இந்த மூன்றிலும் பொதுவானது ஒன்று: பீடம் இல்லை, வேலி இல்லை, கை எட்டும்.

நாங்கள் கேட்பதும் அதையேதான். சிலை சின்னதாக இருக்கட்டும், கைக்கு எட்டட்டும். பணத்தை உலோகத்திலும் பிடிப்பிலும் கழுவுவதிலும் போடுங்கள். கிரானைட் பீடம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி வேலி, நீரூற்று, வண்ண விளக்கு, பெயர்க் கல்வெட்டு ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். நாங்கள் மெழுகு, மண், உலோகம், வெல்டிங், கல் வேலை செய்பவர்கள். இந்தக் காற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் சிமெண்ட். விலை குறைவு, உள்ளூரிலேயே ஆள் கிடைக்கும், ஆகவே மதிப்பீட்டில் அதுதான் முதலில் வரும். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் வேண்டும், கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்தில் 50 மி.மீ. நண்டின் காலோ மொத்தமே 22 மி.மீ. தடிமன். அதற்குள் கம்பி வைத்தால் இரண்டு பக்கமும் 8 மி.மீ. கூட மிஞ்சாது. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் சிமெண்டை உள்ளிருந்து பிளக்கும். கம்பியே இல்லாமல் செய்தால் முதல் குழந்தை ஏறி உட்கார்ந்ததும் கால் உடையும். பெரிய சிலைக்குச் சிமெண்ட் ஆகும், நண்டுக்கு ஆகாது.

ஃபைபர் வார்ப்பு வெயிலில் இரண்டு மூன்று கோடையில் மேற்பூச்சு மாவாகி, அடியிலிருக்கும் கண்ணாடி இழை வெளியே வரும். குழந்தை தடவினால் கையில் குத்தும். அது ஒன்றே போதும், வேண்டாம் என்பதற்கு.

எஸ்.எஸ். தகட்டில் செய்யலாமே என்றால், செய்யலாம். தரம் 316 ஆக இருந்தால். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304. இந்தக் கரையில் அதன்மேல் சில மாதங்களிலேயே டீக்கறை போலப் பழுப்பு படியும். 316இல் இருக்கும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மாலிப்டினம் சொட்டுச் சோதனை வேண்டும், அல்லது ஆலைச் சான்றிதழ். வெல்டிங் செய்த இடத்தின் நீல நிறத்தைப் பிக்லிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்காவிட்டால் 316உம் அந்த இடத்திலேயே கறுக்கும். இருந்தாலும் நண்டின் வளைவுகளுக்குத் தகடு ஒத்துவராது. விளிம்பு கூராகவே நிற்கும்.

மிஞ்சுவது வெண்கல வார்ப்பு: மெழுகில் உரு செய்து, அதன்மேல் அச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இதிலும் கலவை முக்கியம். பித்தளை மலிவு என்று துத்தநாகம் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், உப்புக்காற்று துத்தநாகத்தை மட்டும் அரித்து எடுத்துக்கொண்டு சிவந்த, பொறுபொறுவென்ற செம்பை விட்டுவிடும். பார்க்க முழுதாக இருக்கும், தட்டினால் உதிரும். ஈயம் கலந்த கன்மெட்டல் (துத்தநாகம் சேர்ந்த ஒரு வெண்கல வகை) ஊற்ற எளிது, ஓட்டம் நன்றாக இருக்கும், ஆனால் அதில் 5 விழுக்காடு ஈயம். குழந்தைகள் தொட்ட கையை வாயில் வைப்பார்கள். ஆகவே அதுவும் வேண்டாம். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற கன்மெட்டல் கடல் சாமான்களுக்காகவே நெடுங்காலம் பயன்பட்டுவரும் கலவை. ஒரே ஊற்றில் முழு நண்டும் வருமானால் அதுவே எங்கள் தேர்வு. பகுதி பகுதியாக வார்த்து ஒட்ட வேண்டியிருந்தால் சிலிக்கான் வெண்கலம் எடுங்கள். வெள்ளீயம் நிறைந்த கன்மெட்டல் ஆர்கான் வெல்டிங்கில் வெடிப்பு விடும். சிலிக்கான் வெண்கலம் விடாது.

அளவு சொல்கிறோம். மேலோடு 30 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரம். இதைக் கனமாக, அதாவது உள்ளே வெற்றிடமில்லாமல், வார்த்தால் மேலோடு மட்டும் சுமார் 33 கிலோ. 5 மி.மீ. சுவருடன் உள்ளீடற்று வார்த்தால் 6 கிலோ. எட்டுக் கால்களும் இரண்டு கொடுக்கும் கனமாகவே இருக்கட்டும், அவை 10 கிலோ வரும். வயிற்றுக்கு அடியில் ஒரு மணற்குவியல், அது 4 கிலோ. மொத்தம் 20 கிலோ. உலோகம் ஓடும் வழி (ரன்னர்), ஆறும்போது உலோகம் ஊட்டும் தேக்கம் (ரைசர்) சேர்த்து மூசையில், அதாவது உருக்கும் பாத்திரத்தில், 30 கிலோ உருக்க வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு 9 கிலோ உலோகம் என்ற கணக்கில் நண்டுக்கு மட்டும் மெழுகு இரண்டேகால் கிலோ போதும். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும் என்பதால் மெழுகு உரு அந்த அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

அந்த மணற்குவியலைப் பற்றி ஒரு வார்த்தை. குழி பறித்த நண்டின் பக்கத்தில் மணல் குவிந்திருப்பது இயற்கை; பார்ப்பவருக்கு அது அழகு. எங்களுக்கு அதுதான் உயிர். கால்கள் அந்தரத்தில் நிற்காமல் குவியலில் படிந்து ஒட்டியிருப்பதால் எந்தக் காலும் தனியாக நெம்பலுக்கு அகப்படாது. 20 கிலோ எடையுள்ள குழந்தை மேலே உட்கார்ந்தால் பாரம் குவியல் வழியாக நேரே கல்லுக்கு இறங்கும். உள்ளீடற்று வார்க்க உள்ளே வைத்த மண் கருவை ('கோர்') சுரண்டி எடுக்கக் குவியலின் அடிவாய் திறப்பாக உதவும். பிடிப்புக் கம்பிகளும் அதற்குள்ளேயே மறையும். சுறுசுறுப்பாக ஓடும் நண்டு வேண்டும் என்று யாராவது குவியலை எடுக்கச் சொன்னால், தயவுசெய்து இணங்காதீர்கள்.

வலையில் வரும் நீலக்கால் நண்டை வைக்கலாமே என்றும் சிலர் கேட்கக்கூடும். அதன் ஓட்டில் பக்கத்துக்கு ஒன்பது முள், கடைசி முள் நீளம். சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்தில் வரும். மணல் நண்டின் ஓடு பெட்டிபோல மழுங்கியது. அதன் கண்காம்பு மட்டும்தான் கவலை. காம்பு 20 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், நுனி உருண்டையாக இருக்கட்டும். விளையாட்டுத் திடல் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரத்தில் 8 முதல் 25 மி.மீ. வரையிலான இடுக்கை விரல் சிக்கும் இடுக்கு என்று விலக்குகிறார்கள். நண்டு முழுக்க அப்படிப்பட்ட இடுக்குதான்: கொடுக்கின் வாய், கால் மூட்டு, கண்குழி. கொடுக்கின் வாயை டிக்கெட்டாலேயே அடைத்துவிடலாம். டிக்கெட் நுனியில் 6 மி.மீ., கொடுக்குக்குள் 10 மி.மீ. தடிமன். தகடுபோல மெல்லியதாக வைத்தால் வளைத்துப் பார்ப்பார்கள். நாலாம் நாள் ஒடியும். மற்ற இடுக்குகளை மெழுகு உருவிலேயே மணல் போல நிரப்பிவிட வேண்டும்.

வார்ப்பில் எங்கே தவறும் என்பதையும் பொறியாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 22 மி.மீ. கால் 5 மி.மீ. ஓட்டோடு சேரும் மூட்டில் தடித்த பக்கம் கடைசியாக ஆறும். அப்போது உலோகம் போதாமல் உள்ளே சுருக்கக் குழி விழும். வெளியே தெரியாது. அந்த மூட்டில்தான் பின்னால் கால் முறியும். ஆகவே ஒவ்வொரு மூட்டுக்கும் ரைசர் எட்ட வேண்டும், மூட்டு படிப்படியாகத் தடிக்க வேண்டும். அச்சில் ஈரம் இருந்தால் ஊற்றும்போது ஆவியாகி ஊசித்துளைகள் நிரம்பும். மோசமானால் உலோகம் திரும்பித் தெறிக்கும். சுவாமிமலைக்காரர்கள் காவிரி வண்டலை மெழுகின்மேல் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அந்த முறையில் செய்வதானால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். தையில் களிமண் மாதிரி, மாசியில் மெழுகு, பங்குனியில் ஊற்று என்று வைத்தால் அவசரம் இராது. சுவாமிமலையில் வழக்கம் கன வார்ப்பு. நமக்கு வேண்டியது உள்ளீடற்றது. முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். கோரைத் தாங்கிய ஆணிகளை எடுத்து அதே உலோகத்தால் அடைக்க வேண்டும். இரும்பு ஆணியை உள்ளேயே விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் ஓட்டின் நடுவே பழுப்புக் கண்ணீர் வடியும். கோர் மண்ணையும் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். அது உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும்.

டெண்டரில் கிலோவுக்கு இவ்வளவு என்று போடாதீர்கள். எடைக்குக் காசு என்றால் சுவர் தடிக்கும், மூட்டில் குழி விழும். சுவர் தடிமன், கலவைச் சான்றிதழ், மூன்று கட்டப் பார்வை ஆகியவற்றுக்கு விலை வையுங்கள். களிமண்ணில் ஒருமுறை, மெழுகில் ஒருமுறை, உலோகத்தில் ஒருமுறை பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். மெழுகில் ஒரு கண்காம்பைத் திருப்புவது பத்து நிமிட வேலை. உலோகத்தில் பத்து நாள். கூடவே, பிளாஸ்டர் மாதிரி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். ரப்பர் அச்சு சில ஆண்டுகளில் கெட்டுவிடும், பிளாஸ்டர் நிற்கும். ஒரு கால் உடைந்தாலோ நண்டே களவு போனாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இனி அடித்தளம். 60 செ.மீ. சதுரம், 45 செ.மீ. ஆழம், எம்30 தரக் கான்கிரீட்; கம்பி இல்லாமல். ஏறத்தாழ 390 கிலோ வரும், அந்த எடையே போதும். கலக்கும் தண்ணீரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். உவர் போர் தண்ணீர் வேண்டாம், கடல் மணல் வேண்டவே வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரையே எடுங்கள். பத்து நாள் நனைப்பதும் அதே தண்ணீரில். மேலே 60க்கு 50 செ.மீ., 15 செ.மீ. தடிமன் கருங்கல் படி ஒன்று, விளிம்பு மழுக்கியது. அதன் முகத்தில் குவியலின் அடியிலிருந்து வெளியே வரும்படி 10 மி.மீ. வாய்க்கால் ஒன்று வெட்டிவிடுங்கள். உள்ளே வேர்க்கும் நீர் அதன் வழியே வெளியேறும்.

பிடிப்புக்கு 16 மி.மீ. 316 மரைக்கம்பி மூன்று; ஒவ்வொன்றும் குவியலுக்குள் தொடங்கி, கல்லைக் கடந்து, கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். துளை 20 மி.மீ. துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதாமல் எபாக்சி ஊற்றினால் அது தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. கை பலத்திலேயே கழன்று வரும். எபாக்சி நம் வெயிலில் சில நிமிடத்தில் இறுகத் தொடங்குவதால் விடியற்காலையில் செய்ய வேண்டிய வேலை அது. இரும்பு போல்ட் போட்டால் வெண்கலத்தோடு சேர்ந்து உப்பு ஈரத்தில் இரும்பு வேகமாகக் கரையும், கல்லையும் பிளக்கும். விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது புளித்த காடி வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து, நியூட்ரல் வகையை வாங்குங்கள். காடி வகை செம்பைத் தின்னும். வாய்க்கால் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நட்டு எதுவும் வெளியே தெரியாததால் ஸ்பேனரோடு வருபவருக்கு வேலை இல்லை.

எங்கே வைப்பது? இங்கே ஒன்று பலருக்கு வியப்பாக இருக்கும். தியேட்டரின் முகப்புக் கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது. மழையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணம்தான் கேடு. உப்பு காற்றோடு எங்கும் வரும், மழைதான் கழுவும். மழை படாத இடத்தில் உப்பு படிந்து கொண்டே போகும். ஆகவே வானம் பார்த்து இருக்க வேண்டும். அதே சமயம் சித்திரை வெயிலில் வெண்கலம் கை சுடும். பகல் ஆட்டத்துக்கு வரும் குழந்தை தொட்டு அழும். ஆகவே கட்டடத்தின் கிழக்குப் பக்கம், மதியத்துக்குப் பிறகு கட்டட நிழல் விழும் இடம். மர நிழல் வேண்டாம், பறவை எச்சம் அரிக்கும். ஆட்டம் விட்டு வெளியே வரும் கூட்டத்தின் பாதையிலும், அவசர வாசலிலும் கூடாது. நடைபாதையில் 1.8 மீட்டர் தடையில்லாமல் விட்ட பிறகு மிஞ்சும் இடத்தில் வையுங்கள். இருசக்கர வண்டி நிறுத்தும் கோட்டிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருந்தால் ஹேண்டில்பார் இடிக்காது.

இனிப் பராமரிப்பு. கீழக்கரை, ஏர்வாடி போன்ற தென்கடல் ஊர்களில் சோழகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில்தான் உப்பு அதிகம். அதே மாதங்களில் மழையும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக்காற்றோடு மழையும் சேர்ந்து வருவதால் ஓரளவு தானாகவே கழுவப்படும். ஆகவே மாசி முதல் புரட்டாசி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீர், மெல்லிய பிரஷ், பிறகு உலர்ந்த துணி. வருடத்துக்கு இரண்டு முறை மெழுகு: வெயிலில் உலோகம் சூடாக இருக்கும்போது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைத் துணியால் மெல்லப் பூசி, ஆறிய பின் தேய்த்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை. இதற்கு ஒரு பணியாளர் பெயரும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும்.

புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. உப்புக்காற்றில் நிற்கும் உலோகத்துக்குப் புளித் தண்ணீர் இடுக்கில் தங்கி, அடுத்த வாரமே களிம்பு ஏறும். பெரியவர்கள் வருகைக்கு முன்னால் தங்க பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். அதன் அடியில் உப்பு அடைபட்டுப் பொரியும். கரும்பழுப்பில் சீராகப் படியும் களிம்பு நல்லது. வெளிர்பச்சையில் மாவுபோல உதிரும் புள்ளி தெரிந்தால் அது உப்பிலிருக்கும் குளோரைடு அரிக்கிற வேலை, உடனே வார்ப்புக்காரரைக் கூப்பிடுங்கள். தொட்டுத் தொட்டுக் கொடுக்கு நுனியும் ஓட்டு முதுகும் பளபளத்தால் அதை மறைக்காதீர்கள். அந்தப் பளபளப்புக்காகத்தான் இவ்வளவும் கேட்கிறோம்.

பாம்பனில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள், இதே காற்றுக்குப் பயந்துதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்தில் உலோகங்களை இந்தக் காற்றில் வைத்தே அரிப்பைச் சோதித்து வருகிறது. கலவையை முடிவு செய்யும் முன் உங்கள் பொறியாளர் அவர்களிடம் ஒருமுறை பேசுவது நல்லது. எங்கள் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

பெயர்ப் பலகை கட்டாயம் வேண்டுமென்றால் படிக்கல்லின் பின்பக்கத்தில் ஆண்டையும் கலவையையும் மட்டும் வெட்டுங்கள். இருபது வருடம் கழித்துப் பழுது பார்ப்பவருக்கு அது உதவும்.

களிமண் மாதிரியைப் பார்க்க வரும்போது மூன்று வயதுக் குழந்தை ஒன்றையும் கூட்டி வாருங்கள். கண்காம்பு தரையிலிருந்து 45 செ.மீ., டிக்கெட் 60 செ.மீ. என்று கணக்கிட்டிருக்கிறோம். குழந்தை பக்கத்தில் நின்று கை நீட்டிய பிறகுதான் அதை முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வார்ப்பு, வெல்டிங், கல் வேலை செய்வோர்,
இராமநாதபுரம் கடற்கரை